இளைத்த உடலும் விருந்துச் சோறும்

கடைச் சாப்பாட்டையும் கலியாண வீட்டையும் துறக்காமலே குறைத்த நிறையைக் காத்துக்கொள்ளும் வழி

உடல் நிறையைக் குறைப்பதற்கு வழி சொல்லாத பத்திரிகை இல்லை. வழி சொல்லாத அயலவரும் இல்லை. சோற்றைத் தொடாதே என்பார் ஒருவர். இரவுணவை விட்டுவிடு என்பார் இன்னொருவர். காலையில் வெந்நீரிற் தேசிக்காய் பிழிந்து குடி என்பார் மற்றொருவர். இவற்றுள் எதைப் பின்பற்றினாலும், உண்பதன் மொத்த அளவு குறையுமாயின், மூன்று நான்கு மாதங்களிற் சில கிலோ குறைவது உண்மையே. சட்டை தளர்கிறது, முகம் சிறுக்கிறது, காண்போர் பாராட்டுகின்றனர். ஆனால் ஆண்டொன்று கழிந்தபின் அதே மனிதரைப் பாருங்கள். பழைய சட்டைகள் மீண்டும் பொருந்துகின்றன. சிலருக்கு அவையும் போதவில்லை. முன்பு பாராட்டிய அதே வாய், "நாவை அடக்கத் தெரியாதவர்" என்று இப்போது தீர்ப்புக் கூறுகிறது.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? குறைத்த நிறை ஏன் திரும்பி வருகிறது? அதனை வரவிடாமல் தடுத்தவர் எவரேனும் உளரா? உளராயின், அவர்கள் உறவினரோடும் நண்பரோடும் வெளியிற் சென்று உண்பதை அறவே விட்டவர்களா? இக்கேள்விகளுக்கு இன்று ஆராய்ச்சி வாயிலாக விடைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் கடைசிக் கேள்விக்குரிய விடை நம்மிற் பலருக்கு ஆறுதல் அளிப்பதாகும்.

ஏனெனில், வெளியில் உண்பது இக்காலத்தில் ஆடம்பரமன்று. கந்தோரில் வேலை செய்வோர் பலர் மதியத்திற் சோற்றுப் பார்சலை நம்பியிருக்கின்றனர். அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவருக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடே. கலியாணம், பிறந்தநாள், புதுமனை புகுவிழா, அந்தியேட்டி என்று ஆண்டு முழுவதும் அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒதுக்கினாற்தான் உடல் இளைப்பாக நிற்கும் என்றால், அதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. நெடுநாளைக்கு அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கவும் எவராலும் இயலாது.

நூறு பேரில் இருவர்

இந்தத் தொல்லை புதியதன்று. 1959ஆம் ஆண்டில் அல்பேர்ட் ஸ்டங்கார்ட் என்னும் அமெரிக்க வைத்தியர், மேவிஸ் மக்லாரன்-ஹியூம் என்ற அம்மையாருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பருத்த உடலினரான 100 பேர் ஆஸ்பத்திரியின் உணவுச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருந்தனர். உண்ணவேண்டியவை இவை, விலக்கவேண்டியவை இவை என்ற அறிவுரை அக்கால வழக்கப்படி அவர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் 20 இறாத்தல், அதாவது ஒன்பது கிலோவளவில் குறைத்தவர்கள் 12 பேர் மட்டுமே. சிகிச்சை முடிந்து இரண்டாண்டு சென்றபின் அந்தக் குறைவைக் காத்து நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இருவரே!

அறிவுரை கூறி அனுப்பிவிடுவது மட்டும் வைத்தியமாகாது என்பதை அந்த ஆய்வு உணர்த்திற்று. அதன்பின் நல்ல முறைகள் பல வந்துள்ளன. இன்றைய நிலை அவ்வளவு இருண்டதன்று. ஆயினும், இழந்த நிறை திரும்பும் இயல்பு மாறவில்லை. அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்படும் செமாகுளுடைட் என்னும் ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். அதனாற் பலர் கணிசமாக இளைத்தனர். மருந்தை நிறுத்தி ஓராண்டு சென்றபோதோ, குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்ததை 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எவ்வழியாற் குறைத்தாலும், குறைத்தபின் செய்யவேண்டிய காரியம் ஒன்று மீதமாகவே உள்ளது என்பது இதனாற் புலப்படும்.

இது தோற்றப் பொலிவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்தின் தைன்சைட் பகுதியிலும், நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்களிடையே 'டைரெக்ட்' என்னும் ஆய்வு நடத்தப்பட்டது. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட குழுவில், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் நீரிழிவு மருந்தின்றியே நோயின் எல்லைக்கு வெளியில் வந்திருந்தனர். இரண்டாம் ஆண்டு முடிவில் அது நூற்றுக்கு 36 ஆகக் குறைந்தது. ஆனால் 10 கிலோவுக்கு மேற் குறைத்து, அதனை அந்த இரண்டாண்டு வரை காத்து நின்றவர்களை மட்டும் நோக்கினால், நூற்றுக்கு 64 பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். நம்மவர் குடும்பங்களில் நீரிழிவு அறியாத குடும்பம் அரிது. ஆகையால், குறைத்ததைக் காப்பது என்பது கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பதோடு தொடர்புடைய காரியமாகும்.

உடல் தொடுக்கும் எதிர்ப்போர்

நிறை ஏன் திரும்புகிறது? உடலிலுள்ள கொழுப்பு, பஞ்ச காலத்துக்கென வைத்திருக்கும் நெற்கொத்துப் போன்றது. அது கரையத் தொடங்கியதும், உடையவர் விரும்பித்தான் கரைக்கிறார் என்பதை உடல் அறிவதில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்றே அது எண்ணிக்கொள்கிறது. எண்ணியதும் இரண்டு காரியங்களைச் செய்கிறது: செலவைச் சுருக்குகிறது, பசியைப் பெருக்குகிறது.

இதனை முதன்முதல் விரிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்செல் கீஸ். 1944ஆம் ஆண்டின் இறுதியில், உலக யுத்தத்தில் ஆயுதமேந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர், பட்டினியால் வாடும் மக்களுக்கு உதவும் அறிவைத் தேடித்தரத் தாமாக முன்வந்து அவரது ஆய்விற் சேர்ந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப் பட்டினி. உடல் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை அவர்கள் இழந்தனர். பகலும் இரவும் உணவே நினைவாயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைக் கதைப்புத்தகம் போலப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் அவர்கள் உண்டது சாதாரண உணவன்று. வயிறு நிறைந்த பின்னரும் பசி தீரவில்லை என்றனர். உடற்கொழுப்பு முன்னிருந்த அளவையும் தாண்டிற்று. அவர்கள் இயல்பாகவே மெலிந்த, திடகாத்திரமான இளைஞர் என்பதை மறக்கலாகாது. எனினும், இழந்ததை மீட்க உடல் எவ்வளவு பாடுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பருத்தவரிடத்தும் இவ்வியல்பு உண்டு. நியூயோர்க்கில் ருடோல்ஃப் லீபல் முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறையிற் பத்திலொரு பங்கை இழந்தவரின் உடல், அந்தச் சிறுத்த உடலுக்கு இயல்பாகத் தேவைப்படும் சக்தியையும்விடக் குறைவாகவே செலவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் 50 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பத்து வாரம் கடுங்கட்டுப்பாட்டில் இருந்து இளைத்தவர்களுக்கு, ஓராண்டு சென்ற பின்னரும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் உயர்ந்தும், நிறைவை உணர்த்தும் ஓமோன்கள் தாழ்ந்தும் இருந்தன. உடல் ஓராண்டாகியும் மறக்கவில்லை!

ஆகவே, நிறை மீண்டவரைப் பார்த்து நாவடக்கம் இல்லாதவர் என்று ஏசுவது, மாரியில் நனைந்தவனைப் பார்த்து மழையை அடக்கத் தெரியாதவன் என்று ஏசுவது போலாகும். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. குடை பிடிக்க ஆகும். அந்தக் குடை எத்தகையது என்பதை, நனையாமற் தப்பியவர்களிடமே கேட்டறிவது நன்று.

வென்றவர்களின் ஏடு

அமெரிக்காவில் அவ்வாறு கேட்டறிந்தவர்கள் றீனா விங் என்ற பேராசிரியையும் ஜேம்ஸ் ஹில் என்ற பேராசிரியரும் ஆவர். 1994ஆம் ஆண்டில் அவர்கள் 'தேசிய நிறைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு' ஒன்றைத் தொடங்கினர். குறைந்தது 30 இறாத்தல், அதாவது பதின்மூன்றரைக் கிலோவளவு குறைத்து, ஓராண்டுக்கேனும் அந்நிலையைக் காத்தவர்களே அதிற் பெயர் பதியலாம். நாளடைவிற் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். சராசரியாக அவர்கள் 66 இறாத்தல், அதாவது 30 கிலோ குறைத்து, ஐந்தரை ஆண்டு காத்தவர்கள்.

குறைத்த முறை ஆளுக்காள் வேறுபட்டது. ஏறக்குறையப் பாதிப் பேர் தாமாகவே முயன்றவர்கள். மற்றவர்கள் பிறர் உதவியை நாடியவர்கள். ஆனால் காத்த முறையில் ஓர் ஒற்றுமை காணப்பட்டது. நூற்றுக்கு 78 பேர் ஒவ்வொரு நாளும் காலையுணவு உண்டனர். நூற்றுக்கு 75 பேர் வாரத்தில் ஒரு முறையாவது தம்மை நிறுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 62 பேர் வாரத்திற் பத்து மணி நேரத்துக்குக் குறைவாகவே தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர். நூற்றுக்கு 90 பேர் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடலை வருத்தி இயங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் தேர்ந்த பயிற்சி நடையே.

இனி, நமது கேள்விக்கு வருவோம். இவர்கள் வெளியில் உண்டனரா? உண்டனர். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்துக்குச் சராசரி இரண்டரை வேளையும், துரித உணவுச் சாலைகளில் ஒரு வேளைக்குச் சற்றுக் குறைவாகவும் அவர்கள் உண்டதாக 2005இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. கூட்டிப் பார்த்தால் வாரத்தில் மூன்று வேளைக்கு மேல். அவர்கள் துறவிகள் அல்லர். குடும்பமும் தொழிலும் நண்பரும் உடையவர்கள்.

மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் உண்டவர்கள், வார நாட்களிற் பட்டினியும் ஞாயிறு வந்தால் விருந்துமாக இருந்தவர்களைவிட, அடுத்த ஆண்டில் தம் நிறையைக் காப்பதில் ஒன்றரை மடங்கு வாய்ப்புடையோராக இருந்தனர். இரண்டு முதல் ஐந்து ஆண்டு காத்துவிட்டால், அப்பாற் காப்பதும் எளிதாகிறதெனத் தெரிகிறது.

இந்தப் பதிவேட்டை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். தாமாக வந்து பெயர் பதிந்தவர்கள் தம்மைப் பற்றித் தாமே கூறியவை இவை. முயன்றவர்களுள் எத்தனை பேர் வெல்வர் என்பதை இது காட்டாது. வென்றவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

கடைத் தட்டின் கணக்கு

வெளியில் உண்டும் நிறையைக் காக்கலாம் என்பதனால், வெளியுணவில் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளலாகாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரேசில், சீனா, பின்லாந்து, கானா, இந்தியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் மக்கள் மிகுதியாக வாங்கும் உணவுகள் ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டன. இந்தியாவில் தேர்ந்த நகரம் பெங்களூர். ஒரு வேளைக்கு 600 கலோரி என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, பரிமாறுவோர் வந்து பரிமாறும் உணவகங்களின் சாப்பாட்டில் நூற்றுக்கு 94 அதனை எட்டின அல்லது தாண்டின. துரித உணவுச் சாலைகளிலோ அது நூற்றுக்கு 72. துரித உணவே தீது, அமர்ந்து உண்ணும் சாப்பாடு நல்லது என்று நம்புவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

கடையுணவில் மிகுதி சேர்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் நான்கு கலோரி வீதம் தருகின்றன; ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அரைமணி நேரம் விரைந்து நடந்து செலவிடும் சக்தி அநேகமாக அதற்கே சரி. கொத்துரொட்டியை நோக்குக: ரொட்டியே எண்ணெய் விட்டுப் பிசைந்து சுட்டது, அது மீண்டும் எண்ணெய் வார்த்த கல்லில் முட்டையோடும் இறைச்சியோடும் கொத்தப்படுகிறது, மேலே குழம்பும் ஊற்றப்படுகிறது. உண்பவர் எண்ணுவது ரொட்டியை மாத்திரமே.

இரண்டாவது, அளவு. பென்சில்வேனியா அரசப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை பார்பரா ரோல்ஸ் ஒரு பரிசோதனை செய்தார். ஒரே உணவை ஒரு நாள் 500 கிராமும் வேறு நாட்களிற் கூடுதலாகவும், இறுதியாக 1,000 கிராம் வரையும் வைத்துக் கொடுத்தார். பெரிய அளவு வைத்தபோது உண்டவர்கள், சிறிய அளவின்போது உண்டதைவிட 30 சதவீதம் கூடுதலாக உண்டனர். அவர்களிற் பலர் அதனை உணரவுமில்லை. வயிறு அளவுகோலன்று, முன்னே வைக்கப்பட்ட தட்டே அளவுகோலாகிறது.

மூன்றாவது, கூட்டம். தனித்து உண்பதைவிடப் பிறரோடு சேர்ந்து உண்ணும்போது 44 சதவீதம் மிகுதியாக உண்பதை 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. பேச்சும் சிரிப்பும் நேரத்தை நீட்டுகின்றன. நேரம் நீள, கையும் நீள்கிறது. கூட்டம் வேண்டாமென்று எவரும் சொல்லார். கூட்டத்தில் இருக்கும்போது கையை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

மேசையில் அமருமுன்னும் அமர்ந்தபின்னும்

இவற்றை மனத்திற்கொண்டு, வெளியில் உண்பவர் கைக்கொள்ளத்தக்க சில ஒழுங்குகளைக் கூறுவோம்.

முதலாவது: இரவு விருந்துக்கெனப் பகலிற் பட்டினி கிடவாதீர்கள். பசித்து வெறித்த கண்ணோடு கடைக்குட் புகுபவர், உட்கார்ந்த மறுகணமே வடைத் தட்டைக் காலி செய்வார். பகலில் அளவாக உண்ணுங்கள். புறப்படுமுன் ஒரு பழமேனும் உண்டு செல்லுங்கள்.

இரண்டாவது: என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே தீர்மானியுங்கள். அடுப்பின் மணமும் நண்பரின் தூண்டுதலும் சேர்ந்தபின் தீர்மானிப்பது அரிது.

மூன்றாவது: ஆவியில் வெந்ததற்கு முதலிடம். இட்டலி, இடியப்பம், பிட்டு ஆகியவற்றில் எண்ணெய் சேர்வதில்லை. ஆயினும், தேங்காய் மிகுந்த சம்பலும் கட்டிப்பாற் சொதியும் அளவு மீறினால் அந்த ஆதாயம் போய்விடும். பிட்டிலும் தேங்காய்ப்பூ உண்டென்பதை நினைவிற் கொள்க. கொத்துரொட்டிதான் வேண்டுமென்றால் ஒன்றை இருவர் பகிர்ந்து உண்ணலாம். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

நான்காவது: நீர்த்ததை முதலில் உண்ணுங்கள். மேற்சொன்ன பேராசிரியை 2007இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கொழுப்புக் குறைந்த சூப் அருந்தியவர்கள், அந்தச் சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரும், 20 சதவீதம் குறைவாகவே உண்டனர். இரசமோ காய்கறிச் சூப்போ எங்கும் கிடைக்கக்கூடியது. சோற்றுப் பார்சல் வாங்குவோர், சோற்றிற் பாதியைக் குறைத்து மரக்கறியைக் கூட்டித் தரும்படி கேட்கலாம். கடைக்காரர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

ஐந்தாவது: குடிப்பதைக் கணக்கிற் சேருங்கள். மூன்று தேக்கரண்டி சீனி இட்ட தேநீர் நாளொன்றுக்கு ஐந்து அருந்துபவர், சீனியிலேயே 200 கலோரிக்கு மேல் விழுங்கிவிடுகிறார். போத்தற் குளிர்பானங்களின் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடவேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குறியைப் பார்த்து வாங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கும் வேண்டும். மதுபானத்தின் அற்ககோலிலும் கிராமுக்கு ஏழு கலோரி உண்டு. அதனோடு கொறிக்கும் பொரியல் வேறு.

ஆறாவது: ஒரு வேளை அளவு மீறிவிட்டதா? அதற்காக அடுத்த நாள் முழுவதும் பட்டினி கிடத்தல் வேண்டாம். 'எல்லாம் கெட்டது, இனி என்ன' என்று கைவிடலும் வேண்டாம். அடுத்த வேளையை வழமையான ஒழுங்கில் உண்ணுங்கள்; மாலையிற் கொஞ்சம் கூடுதலாக நடவுங்கள். ஒரு விருந்தால் எவரும் பருத்ததில்லை. அதன்பின் வந்த முப்பது நாட்களாலேயே பருக்கின்றனர்.

விருந்து படைப்போருக்கு ஒரு வார்த்தை

வாழையிலையின் முன் அமர்ந்தவரின் நிலை கடைக்குப் போனவரின் நிலையினும் கடினமானது. கடையிற் கேட்டது மட்டுமே வரும். உறவினர் வீட்டிற் கேளாததும் வரும். "இவ்வளவுதானோ? எங்கட வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்ற ஒரு கேள்வி, மூன்று மாத விரதத்தை ஒரு நொடியிற் கலைத்துவிடும். கேட்பவரிடம் வஞ்சகமில்லை. சோறு படைத்தே அன்பைக் காட்டி வளர்ந்தவர்கள் நாம். ஆனால், நீரிழிவுக்கு அஞ்சி நிறையைக் காக்க முயலும் ஒருவருக்கு, 'போதும்' என்ற சொல்லை ஒரே முறையில் ஏற்றுக்கொள்வதும் அன்புதான்.

விருந்தினர் செய்யத்தக்கதும் உண்டு. முதலில் மரக்கறிகளை உண்ணுங்கள். சோற்றைச் சிறுகச் சிறுக இடச் சொல்லுங்கள். இலையைச் சீக்கிரம் வெறுமையாக்காதீர்கள். வெறுமையான இலையைப் பார்த்தாற் பரிமாறுபவரின் கை தானே நீளும். பாயாசத்தை மறுத்தால் மனம் நோகும் என்று கண்டால், இரண்டு வாய் உண்டு, அதன் சுவையை வாயாரப் புகழுங்கள். படைத்தவர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அந்தப் புகழ்ச்சியையே. விதவிதமாகப் பரப்பி வைத்துத் தாமே எடுத்துண்ணும் விருந்தாயின், தட்டை எடுக்குமுன் ஒருமுறை சுற்றிவந்து யாவற்றையும் பார்த்தபின், உண்மையில் விரும்பும் மூன்று நான்கை மட்டும் எடுப்பது நலம்.

இத்தகைய முயற்சியில் துணையின் வலிமை பெரிது. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜீன் நைடெச் என்ற குடும்பப் பெண், 1961இல் 214 இறாத்தல் நிறையோடு நகரசபையின் சிகிச்சை நிலையத்திற் சேர்ந்தார். உணவுப் பட்டியல் கிடைத்தது; ஆனால் மறைவில் இனிப்புப் பிஸ்கற்று உண்ணும் பழக்கத்தை அங்கே வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. ஆகவே தம்மைப் போன்ற தோழியர் சிலரை வீட்டுக்கு அழைத்து மனம்விட்டுப் பேசினார். வாரந்தோறும் கூட்டம் பெருகியது. 1962இல் அவர் 142 இறாத்தலை அடைந்தார். 1963இல் 'வெயிட் வோச்சர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் 91ஆம் வயதில் மறையும்வரை அவருடைய பெயர் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது. அவர் கண்டுபிடித்த புதுமை உணவுப் பட்டியலன்று. ஏசாமற் கேட்கும் செவிகளே. அத்தகைய செவிகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கக்கூடியவை.

பொய் சொல்லாத தராசு

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான கருவியைப் பற்றிக் கூறவேண்டும். பேராசிரியை விங்கும் அவர் குழுவினரும், அண்மையில் தம் நிறையிற் பத்திலொரு பங்காவது குறைத்திருந்த 314 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதம் கவனித்தனர். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. இடைக்கிடை அறிவுரைக் கடிதம் மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 72 பேர் இரண்டேகாற் கிலோவோ அதற்கு மேலோ கூடிவிட்டனர். நேரிற் கூடிப் பேசி, நாள்தோறும் நிறுத்துப் பார்க்கப் பழக்கப்பட்ட பிரிவில் அவ்வாறு கூடியவர்கள் நூற்றுக்கு 46 பேரே.

அவர்கள் கற்பித்த முறை வீதி விளக்கின் நிறங்களைப் போன்றது. குறைத்து நிறுத்திய நிறையிலிருந்து ஒன்றரைக் கிலோ எல்லைக்குள் இருந்தாற் பச்சை: இருக்கிறபடியே இருங்கள், உங்களை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள். அதனைச் சற்றுத் தாண்டினால் மஞ்சள்: எங்கே ஒழுங்கு தளர்ந்தது என்று ஆராய்ந்து திருத்துங்கள். இரண்டேகாற் கிலோ கூடிவிட்டாற் சிவப்பு: முன்பு எம்முறையாற் குறைத்தீர்களோ அதனையே உடனே மீண்டும் தொடங்குங்கள்.

இம்முறையின் நுட்பம் யாதெனில், பகையைச் சிறிதாயிருக்கும்போதே எதிர்கொள்வது. இரண்டு கிலோவைக் குறைக்கச் சில வாரம் போதும். இருபது கிலோவைக் குறைக்கப் புதிதாகப் பிறந்தாற்போல் மனத்துணிவு வேண்டும். முளையிற் கிள்ளாதது முற்றினால் கோடரிக்கும் அடங்காது என்பர். வெளியில் உண்பவருக்கு இது இன்னும் பயன் தருவது. எந்த விருந்து உடலிற் தங்கிற்று, எது தங்காமற் போயிற்று என்பதைத் தராசு அவருக்குக் காட்டிவிடும்; அச்சத்தால் எல்லாவற்றையும் விலக்கவேண்டிய அவசியம் நேராது. ஒரு நாள் முள் சற்று ஏறினால் அது உப்பாலும் நீராலும் ஆன ஏற்றமாகவும் இருக்கலாம். நாலைந்து நாள் தொடர்ந்து ஏறினாலே அதனைப் பொருட்படுத்துக.

எச்சரிக்கையாகவும் சில சொல்லவேண்டும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ பாவிப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் நிறை குறைப்பு விதிகள் பொருந்தா. நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பதால் மனம் கலங்கி உணவையே வெறுக்கும் நிலை எவருக்கேனும், சிறப்பாக இளம்பெண்களுக்கு, தோன்றுமாயின், தராசை ஒதுக்கிவிட்டு உடனே வைத்தியரை நாடுவதே முறை.

குறைத்த நிறையைக் காப்பது ஒரு பருவத்து வேலையன்று. பல் துலக்குவது போல நாள்தோறும் செய்வது. நாள்தோறும் செய்யவேண்டிய ஒன்று, கலியாண வீட்டுக்கும் நண்பர் கூட்டத்துக்கும் இடமளிப்பதாக இருந்தால் மட்டுமே நிலைக்கும். உங்கள் வீட்டில் எவரேனும் இம்முயற்சியில் இருந்தால், இன்று மாலை அவரோடு சேர்ந்து அரைமணி நேரம் நடந்து வாருங்கள். அடுத்த முறை அவர் 'போதும்' என்று கையால் மறிக்கும்போது அகப்பையைச் சட்டிக்கே திருப்புங்கள். அவருக்கு வேண்டிய உதவியிற் பாதி அதுவே.